கீரை அழுத கதை

தவசிக்கீரை முதன்முதலாக வாய்விட்டு அழுத அன்று நாற்றங்காலில் இருந்த பெண்கள் ஒருவரும் செடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் செலஸ்டினாவைத்தான் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி அவள் ஒருத்திதான். ஆனால் குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. அதைச் சொல்ல செலஸ்டினா வாயைத் திறந்தாள். அதற்குள் பால் சுரந்து அவளுடைய ரவிக்கை நனைந்துவிட்டது.

"ஏளா, எங்கேருந்துளா கேக்கு?" என்றாள் தஸ்நேவிஸ். அவள் கையில் கத்தரி இருந்தது. இன்னொரு கையில் அப்போதுதான் நறுக்கிய தவசிக்கீரைக் குச்சி இருந்தது. சந்தேகம் தீர இன்னொரு குச்சியை நறுக்கினாள். அந்த வரிசைக்கென்று நிழல்வலைக் கம்பத்தில் தொங்கிய ஒலிபெருக்கியிலிருந்து பச்சைக்குழந்தை ஒன்று வீறிட்டது.

கத்தரிகள் கீழே விழுந்தன. பெண்கள் எழுந்து ஓடினார்கள். செலஸ்டினா மாராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். கடைசியில் மிஞ்சியது தஸ்நேவிசும், வெட்டுப்பட்ட செடியும், கருவிக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்த தாவூதும்தான்.

"கருவி வேலை செய்யுதுக்கா" என்றான் தாவூது.

"ஆமா, நல்லா செய்யுது. எனக்கு வேலை செய்ய ஒரு ஆளு இல்லாம ஓடிப்போச்சு."

கடல் உள்ளே வந்து மூன்று கரையோர ஊர்களை விழுங்கியபின், அங்கிருந்தவர்களை அரசாங்கம் தேரிக்காட்டில் கொண்டுவந்து இறக்கியது. செம்மண்கூட இல்லை, செம்மணல். காலை வைத்தால் பொரியும். கத்தரி, வெண்டை, தக்காளி என்று வருஷா வருஷம் விதைத்து எடுக்கிற எதுவும் அந்த வெயிலுக்குப் பூப்பதில்லை; பூத்தாலும் காய்ப்பதில்லை. ஒருமுறை வேர்விட்டால் வருஷக்கணக்கில் நின்று சோறு போடுகிற செடிகள்தான் அங்கே பிழைக்கும். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, தவசிக்கீரை, மரக்கீரை, சீமைப்பலா. வீட்டுக்கு வீடு இவற்றை நட்டுவிட்டால் லாரியில் வரும் வாடிய காய்கறிக்குக் கையேந்த வேண்டாம். அதற்காகத்தான் ஊர் சேர்ந்து நாற்றங்கால் போட்டது. அதற்குத் தலைவியாக தஸ்நேவிசைப் போட்டது.

ஏன் அவளைப் போட்டார்கள் என்பதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பழைய ஊரில் அவள் அழகு நிலையம் வைத்திருந்தாள். கத்தரி பிடிக்கத் தெரியும், வாயும் நீளம். தூத்துக்குடிப் பக்கம் பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரைப் பெண்பிள்ளைகளுக்கு வைப்பார்கள். அப்படி வந்ததுதான் தஸ்நேவிஸ். "பேருல மட்டும் பனிய வச்சு என்னத்துக்கு, ஒரு ஐஸ்பெட்டியாவது குடுத்திருக்கலாம்" என்று அவள் மாதாவிடமே நேரில் புகார் சொல்வாள்.

தாய்ச்செடி தேடி அவள் போகாத இடமில்லை. மரக்கீரைக் குச்சியை ஒரு கன்னியர் மடத்தில் ஜெபம் முடியும்வரை முழங்காலில் நின்று வாங்கினாள். தவசிக்கீரையை ஒரு நட்சத்திர விடுதியின் வேலியிலிருந்து திருடினாள். விடுதிக்காரர்கள் அதை அழகுக்காக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அது தின்கிற கீரை என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவனிடமிருந்து எடுப்பது திருட்டில் சேராது என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். சீமைப்பலாவுக்குத்தான் சிரமம். அதற்கு விதை கிடையாது. கட்டைவிரல் மொத்தத்துக்கு வேரை வெட்டி, ஈரமணலில் படுக்கப்போட்டுத்தான் துளிர்க்கவிட வேண்டும். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் நல்ல மரம் நின்றது. டாக்டர் மாட்டேன் என்றார். டாக்டரின் மனைவிக்கு ஒரு பொட்டலம் வாளைக்கருவாடு போய்ச்சேர்ந்தது. மறுநாள் டாக்டரே மண்வெட்டியோடு நின்று வேர் தோண்டிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தாய்ச்செடிகள். மாசி மாதம். இப்போது குச்சி வெட்டி நாற்றுப்பையில் வைத்தால்தான் சித்திரை வெயிலுக்கு முன் வேர்பிடித்து வீடுகளுக்குப் போகும். இந்த நேரம் பார்த்துத்தான் கீரை அழுதது.

"இப்ப சொல்லு" என்றாள் தஸ்நேவிஸ், கொட்டகைக்குள் ஒரு உரமூட்டையின்மேல் உட்கார்ந்து. "செடிக்கு வாய் எங்கடே இருக்கு?"

தாவூது காயல்பட்டினத்துக்காரன். ஒலிப் பொறியாளன். நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் இந்த மணல்காட்டுக்கு வந்தான் என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், எந்தச் செடிக்குத் தாகம் என்று கண்டுபிடிக்கும் கருவி செய்து தருகிறேன் என்று அவனாகவே வந்திருந்தான்.

"வாயில்லக்கா. தண்டுக்குள்ள தண்ணி நூல் மாதிரி மேல ஏறுது. வேர்ல தண்ணி பத்தலேன்னா அந்த நூல் அறுந்துபோகும். அறுந்த இடத்துல ஒரு குமிழி டப்புன்னு வெடிக்கும். வெட்டினாலும் அதேதான். அந்தச் சத்தம் நம்ம காதுக்கு எட்டாது. கருவி அதைப் பிடிச்சு நமக்குக் கேக்குற மாதிரி மாத்துது."

"அதனால குழந்தை அழுதா மாதிரியா கேக்கும்?"

"இல்ல. அது நான் வச்சது. மொதல்ல மணியடிக்கிற மாதிரி வச்சிருந்தேன். நீங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. மூணு செடி பட்டுப்போச்சு. குழந்தை அழுதா யாராவது எழுந்து போவாங்கல்ல?"

"போனாளுவளே, வீட்டுக்கு!" என்றாள் அவள். "சரி, அதுக்கு வலிக்குமா?"

தாவூது காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "சத்தம் வருதுன்னு தெரியும்க்கா. வலிக்குதான்னு தெரியாது. வலிக்கும்னு சொல்றவனும் பொய், வலிக்காதுன்னு அடிச்சுச் சொல்றவனும் பொய்."

இந்தப் பதில் கொட்டகைக்குள்ளேயே இருந்திருந்தால் நல்லது. ஆனால் தஸ்நேவிசுக்குத் தெரிந்தது எதுவும் ஊருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. இரண்டு நாளில் குடியிருப்பு முழுக்க 'கீரைக்கு வலிக்கலாம்' என்று ஆனது. நாலாம் நாள் 'லாம்' உதிர்ந்துவிட்டது.

அதிகம் அடிபட்டவர் அரியநாயகம் அண்ணாச்சி. மீன்பிடிக்கிற ஜனங்களுக்கு நடுவே தவறிவந்து குடியேறிய ஒரே சைவக் குடும்பம் அவருடையது. அடுத்த வீட்டில் மீன் பொரித்தால் சன்னலைச் சாத்துவார். "உசிரக் கொன்னு தின்கிறது" என்று ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். இப்போது அவர் நாற்றங்காலுக்கு வந்து, ஒரு தவசிக்கீரையைக் கிள்ளிப்பார்த்து, அது அழுததைக் கேட்டுவிட்டு, வேர்த்துக் கொட்டிய முகத்தோடு திரும்பினார். வீட்டில் ஒரு வாரம் பழமும் பாலும் மட்டும்.

"அம்மா தஸ்நேவிசு" என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார். "முட்டைக்குள்ள கருவே இல்லேன்னு சொல்லுதாங்களே, அது அழாதுல்ல?"

"கேட்டுப்பாத்துத் தின்னுங்க அண்ணாச்சி" என்றாள்.

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்த பெண்களில் ஒருத்திகூட கத்தரியைத் தொட ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு என்னக்கா, நீ கல்லு" என்றாள் செலஸ்டினா. "எனக்குக் காதுல அந்தச் சத்தம் கேட்டா மாரு கட்டிக்கிது. வெட்ட எப்படிக் கை வரும்?" அவள் சொன்னதில் பொய்யில்லை. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். முருங்கையைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தார்கள். பிறகு முருங்கையிலிருந்த கம்பளிப்பூச்சி ஏறி, உடம்பெல்லாம் தடித்து, கருணை குறைந்து ஊர் திரும்பினார்கள். ஒரு கல்லூரிக் கும்பல் 'வெட்டாதே' என்று எழுதிய அட்டையை வாசலில் நட்டுவிட்டுப் போனது. அட்டையை நட்ட கம்பு அகத்திக்கிளை. புதிதாக ஒடித்தது.

"சத்தத்த மாத்துடே தம்பி" என்று தஸ்நேவிஸ் தாவூதிடம் கேட்டாள். "கார் ஹாரனை வை. கழுதையக் கத்தவிடு. என்ன வேணா வை."

"மாத்தினா பழையபடி யாரும் கவனிக்கமாட்டாங்கக்கா."

"பாதியாவது குறை."

"பாக்குறேன்" என்றான். பார்க்கவில்லை.

கடைசியில் தஸ்நேவிஸ் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தன்னந்தனியாக இறங்கினாள். கல்லு என்று செலஸ்டினா சொன்னது உறுத்தாமல் இல்லை. பஞ்சைத் தாண்டியும் அழுகை கேட்டது. முதல் வரிசையை முடித்துவிட்டுப் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினாள். "சனியனே, உனக்கு என்ன மசுரு வெட்டினா மாதிரிதானே, திரும்ப வளராதா?" என்று செடியைத் திட்டினாள். திட்டியபடியே மூக்கைச் சிந்தினாள். இலையை உருவி, பென்சில் நீளத்துக்குக் குச்சி நறுக்கி, பையில் குத்தி, மேலே பாலித்தீன் மூடி நிழலில் வைத்தாள். குச்சிகள் சேரச் சேர அவளுக்கு வைராக்கியமும் சேர்ந்தது.

மறுநாள்தான் அதைக் கவனித்தாள். அவள் மொட்டையடித்த வரிசை சத்தமே போடவில்லை. எல்லோரும் இரக்கப்பட்டு விட்டுவைத்த வரிசைகள்தான் மத்தியான வெயிலில் கூடிக் கூடி அழுதன.

யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இலை கூடக்கூடத் தாகம் கூடும். சித்திரையை நெருங்குகிற வெயிலில் காடாக மண்டிய செடிக்கு, லாரித் தண்ணீர் எந்த மூலைக்கு? வெட்டினால் ஒருபாடு அழுது ஓயும். வெட்டாவிட்டால் பொழுதுக்கும் அழும். தஸ்நேவிஸ் பெண்களைக் கூட்டிவந்து இரண்டு வரிசைக்கும் நடுவில் நிறுத்தினாள். "இந்தா, இது கல்லு செஞ்சது. அந்தா, அது ஒங்க இரக்கம் செஞ்சது. கேட்டுக்கோங்க."

செலஸ்டினா இரண்டு வரிசைக்கும் மாறி மாறிக் காது கொடுத்தாள். பிறகு குனிந்து கத்தரியை எடுத்தாள். இரண்டு பேர் அவளைப் பார்த்து எடுத்தார்கள். மற்றவர்கள் நாளைக்கு வருகிறோம் என்றார்கள், வரவும் செய்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு செடி மட்டும் சரியாகவில்லை.

அது கருவிக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக நின்ற தவசிக்கீரை. விடுதி வேலியிலிருந்து வந்தவற்றிலேயே நல்ல தாய்ச்செடி. அதை தஸ்நேவிஸ் அளவாகக் கழித்துவிட்டிருந்தாள், நிழலும் இருந்தது. அப்படியும் தினமும் மத்தியானம் ஒருபாடு அழுது ஓய்ந்தது. கீழ்இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. வேர்ப்புழுவோ என்று மண்ணைக் கிளறினாள். புழு இல்லை. மண் சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது. சொட்டுநீர்க் குழாயைத் தடவிக்கொண்டே போனால், அந்தச் செடிக்குப் பிரிகிற இடத்தில் சின்ன வால்வு மூடியிருந்தது. திறந்துவிட்டாள். அடுத்த நாள் பார்த்தால் மறுபடி மூடியிருந்தது.

வேடிக்கை பார்க்க வருகிற எவனோ செய்கிறான் என்று நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்து, அழகு நிலையத்தில் வாடிக்கையாளருக்குச் செய்யாத ஒன்றை அவனுடைய காதுக்குச் செய்வது என்று முடிவெடுத்து, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சீமைப்பலா வேர்களைப் படுக்கப்போட்டிருந்த மணல்மேட்டின் பின்னால் குந்தி உட்கார்ந்தாள்.

வந்தவன் தாவூது. வால்வை மூடவில்லை, அது காலையிலேயே மூடியிருந்தது. செடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெயில் ஏறியது. செடி அழ ஆரம்பித்தது. அவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அழுகை உச்சத்துக்குப் போனபோது கையை நீட்டி வால்வைத் திறந்தான். மண் நனைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அழுகை தேய்ந்து, விக்கி, நின்றது. அவன் வால்வை மறுபடி மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காதைத் திருகும் திட்டத்தை தஸ்நேவிஸ் மேட்டுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டாள்.  எழுந்து போய் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"அது யாரோட சத்தம்டே?"

அவன் திடுக்கிடவில்லை. என்றைக்காவது கேட்பார்கள் என்று இருந்தவன் மாதிரி சொன்னான். "எம் மகள்."

முதல் பெருவெயில் வருஷம். காயல்பட்டினத்தில் மின்சாரம் போய் நாள்கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டிருந்தார்கள். ஒரு வயது நிறையாத பிள்ளை காய்ச்சலில் அழுதுகொண்டே இருந்தாள். அவள் சிரிப்பு, மழலை எல்லாம் பதிந்த போன் அந்தக் களேபரத்தில் தொலைந்துபோனது. ஒலிக்கருவி ஒன்றைச் சோதிக்க என்றைக்கோ வீட்டில் பதிந்த இந்த அழுகை மட்டும்தான் மிச்சம்.

"கேக்கணும்னா சும்மாவே போட்டுக் கேக்கலாமேடே" என்றாள் மெதுவாக. "செடிய எதுக்கு வாட்டுத?"

"கேக்குறதுக்கு இல்லக்கா." அவன் ஈரமணலை விரலால் கிளறினான். "அன்னைக்கு என்ன செஞ்சும் அவ அழுகையை நிறுத்த முடியல. தோள்ல போட்டேன், ஈரத்துணி சுத்தினேன், விசிறினேன். எம் பொஞ்சாதி சுலைஹா எம் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா, நான் ஏதாவது செய்வேன்னு. இது நிக்குதுக்கா. தண்ணி விட்டா நிக்குது."

மேட்டுக்கு அந்தப்பக்கம் பெண்கள் சோற்றுப்பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"பேரு என்ன?"

"மர்யம்."

"எங்க மாதா பேருடே அது" என்றாள்.  "சுலைஹா இங்க வரலியா?"

"இந்தச் சத்தத்தக் கருவில ஏத்தின ராத்திரி ஒரே ஒரு தடவை வந்தா. காதப் பொத்திக்கிட்டுப் போனவதான். அவ உம்மா வீட்ல இருக்கா. அவமேல தப்பில்ல."

"தப்பு யாருமேலயும் இல்ல" என்றாள் தஸ்நேவிஸ். "ஆனா தம்பி, ஒண்ணு சொல்லுதேன். நான் கல்லு, அதனால சொல்லுதேன். இந்தச் செடி சாகப்போகுது. இன்னும் கொஞ்ச நாள் இப்படி வாட்டுனா நீ தண்ணி விட்டாலும் நிக்காது. அன்னைக்கு மறுபடியும் ஒங் கையிலதான் போகும். அதுக்குள்ள இதுலேருந்து குச்சி எடுக்கணும்."

"நீங்க எடுங்கக்கா."

"நான் மாட்டேன்" என்று கத்தரியை அவன் மடியில் வைத்தாள். "எனக்குக் கை வலிக்கி."

கை வலிக்கவில்லை. அவள் திரும்பி சீமைப்பலாவைப் பார்த்துக்கொண்டாள். பின்னால் கத்தரி நறுக்கென்றது. அழுகை எழுந்தது. இன்னொன்று. அவன் விசும்பினானா, செடி விசும்பியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "சாய்ச்சு வெட்டு. கணுவுக்குக் கீழ வெட்டு. நகம் வெட்டுற மாதிரி நேரா வெட்டாத."

அவன் வெட்டி முடித்தான். இலை உருவினான். பைகளில் குத்தினான். கை வேலையாக இருந்ததில் வால்வின் ஞாபகம் அவனுக்கு வரவில்லை. இலையெல்லாம் போன செடி தானாகவே ஓய்ந்திருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அவன் தலை நிமிர்ந்து, "நின்னுருச்சேக்கா" என்றான்.

அன்று சாயங்காலமே நாற்றங்காலின் சத்தம் மாறியது. என்ன சத்தம் வைப்பது என்று ஊரில் ஓட்டெடுப்பு நடந்தது. சைக்கிளில் மீன் விற்கிறவன் அழுத்துகிற ரப்பர் ஹாரன் அமோகமாக ஜெயித்தது. அரியநாயகம் அண்ணாச்சி மட்டும் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார். அதன்பிறகு தாகமெடுத்த கறிவேப்பிலை 'பாம் பாம்' என்று கத்தும்போதெல்லாம் தெருப்பூனைகள் எல்லாம் நாற்றங்காலுக்கு ஓடிவந்தன.

மர்யத்தின் சத்தத்தை தாவூது என்ன செய்தான் என்று தஸ்நேவிஸ் கேட்கவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. அவள் கட்டிக்காத்த ஒரே ரகசியம் அதுதான்.

பங்குனி முடிவில் நாற்று கொடுத்தார்கள். மூன்று ஊர் ஜனமும் வரிசையில் நின்றது. வீட்டுக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று. அதில் தஸ்நேவிஸ் யாருக்கும் இறங்கவில்லை. பங்குச்சாமியார் இன்னொரு முருங்கை கேட்டதற்கு, அப்பத்தைப் பெருக்கிய வித்தை நீங்கள் வாசிக்கிற வேதபுத்தகத்தில்தானே இருக்கிறது என்றாள்.

வரிசையில் கறுப்புத் துப்பட்டி போட்ட ஒரு பெண் வந்தாள். தஸ்நேவிஸ் அவளை முன்பின் பார்த்ததில்லை. பக்கத்தில் நாற்றுப்பைகளைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த தாவூது கைவேலையை நிறுத்திவிட்டு நின்றதைப் பார்த்தபோதுதான் யாரென்று புரிந்தது.

"கேக்கலாமா?" என்றாள் சுலைஹா அவனிடம்.

அவன் தன் கழுத்தில் கிடந்த காதுக்கருவியைக் கழற்றிக் கொடுத்து, வேர்பிடித்த ஒரு தவசிக்கீரை நாற்றின் தண்டில் கிளிப்பை மாட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வரிசை முணுமுணுத்தது. தஸ்நேவிஸ் பார்த்த பார்வையில் முணுமுணுப்பு அடங்கியது.

"ஒண்ணும் கேக்கலியே" என்றாள் சுலைஹா.

"ஆமா" என்றான் தாவூது. "நல்லா இருக்கு. அதான்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுவிட்டுக் கருவியைக் கழற்றினாள். பிறகு தஸ்நேவிசைப் பார்த்து, "இதுல எனக்கு ரெண்டு வேணும்" என்றாள்.

"ரெண்டு வீடா?"

"ஒரே வீடுதான். ஒண்ணு பட்டுப்போனா?"

தஸ்நேவிஸ் குனிந்து, துளிர் நன்றாக விட்ட இன்னொரு பையைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் ரெண்டு" என்றார் அடுத்து நின்ற அரியநாயகம்.

அவருக்கு ஒன்றுதான் கிடைத்தது. கூடவே, அடுத்த வீட்டுச் சன்னல்வரை கேட்கும்படியாக நாலு வார்த்தையும்.